குடும்ப நலத்தில் ஆடவர் கடமை

(விராலிமலை ஊராட்சி ஒன்றியத்தில் உழவர்கள், ஊராட்சிப் பணியாளர்கள், இளைஞர்கள் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வட்டார வளர்ச்சி அலுவலர் பேச எழுந்தால், சாலை, குடிநீர்த் தொட்டி, கண்மாய்க் கரை, வீடு கட்டும் திட்டம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்ப்பது இயல்பே. இன்று நான் பேச வந்த பொருள் வேறு. நம் ஒவ்வொருவர் வீட்டிற்குள்ளும் அன்றாடம் நிகழ்வது அது. ஆயினும் ஊர் மன்றத்தில் நாம் வாய் திறந்து பேசாதது. கருவுறுதல், கருத்தடை, மகப்பேறு, பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றில் ஆடவரின் பங்கு யாது என்பதே அப்பொருள்.

குடும்ப நலம் பற்றிய கூட்டம் என்று அறிவித்தால் நம் ஊர்களில் யார் வருகின்றனர்? தாய்மார்கள் வருகின்றனர். கிராம சுகாதாரச் செவிலியர் பேசுகிறார், தாய்மார்கள் கேட்கின்றனர். ஆடவர்களோ வாயிற்புறத்தில் நின்று, "இது பெண்கள் சமாச்சாரம்" என்று தேநீர்க் கடைக்குப் போய்விடுகின்றனர். அதனாற்றான் இன்றைய கூட்டத்திற்கு ஆடவர்களை மட்டும் அழைத்தேன். நான் மருத்துவன் அல்லன். எனினும் ஆடவனாகிய நான் ஆடவராகிய உங்களிடம் பேசினால் கூச்சமின்றிக் கேட்பீர்கள் என்று நம்புகிறேன்.

ஒற்றை மாட்டு ஏர்

உழவருக்கு நுகத்தடியின் இயல்பை எடுத்துரைக்க வேண்டியதில்லை. இரண்டு மாடுகளும் ஒத்து இழுத்தாற்றான் ஏர் நேராகச் செல்லும். ஒன்று சும்மா நடக்க, மற்றொன்று மட்டும் இழுத்தால் அம்மாட்டின் கழுத்து புண்ணாகும், சாலும் கோணும். நம் இல்லறத்தில் இன்று நிகழ்வது இதுதான்.

2019-21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற தேசிய குடும்ப நல ஆய்வு கூறும் கணக்கைப் பாருங்கள். இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 38 பேர் தாங்களே கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவன் அச்சிகிச்சையைச் செய்துகொண்ட குடும்பங்களோ ஆயிரத்துக்கு மூன்றுதான். தமிழ்நாட்டில் சிகிச்சை செய்துகொண்ட பெண்களின் அளவு இன்னும் மிகுதி. நூற்றுக்கு ஏறத்தாழ 58 பேர். ஈன்றெடுக்கும் துன்பமும் பெண்ணுக்கே. இனி ஈன வேண்டாம் என்னும் துன்பமும் பெண்ணுக்கே.

அந்தப் பெண் யார் என்பதையும் எண்ணிப் பாருங்கள். அதே ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்கள். பேறு முடிந்த உடம்போடு வயிற்றில் அறுவையும் செய்துகொள்கிறாள்; வீடு திரும்பியதும் தண்ணீர்க் குடத்தைத் தூக்குகிறாள்; சில நாள்களில் கடலைக்காட்டில் களை எடுக்கக் குனிகிறாள். இதனை நாம் கண்ணால் காண்கிறோம். காண்பது பழகிப்போய்விட்டதால் அதில் ஏதும் தவறு இருப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை.

முந்தைய தலைமுறை செய்தது

"ஆம்பிளை எங்கேயாவது ஆபரேஷன் செய்துகொள்வானா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வரலாற்றுச் செய்தியைக் கூற விரும்புகிறேன். உங்கள் தந்தையரும் பாட்டனாரும் செய்துகொண்டார்கள்!

குடும்பக் கட்டுப்பாட்டை அரசின் திட்டமாகவே ஏற்று நடத்திய முதல் நாடு இந்தியா. அது 1952ஆம் ஆண்டு. அத்திட்டத்தை முனைந்து நடத்திய முன்னோடி மாநிலங்களுள் ஒன்று அன்றைய சென்னை மாநிலம். 1951ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர். ஏ. கோபாலசாமி அவர்கள் பின்னர் சென்னை மாநிலத் தலைமைச் செயலாளராக இருந்தபொழுது, அறுவைச் சிகிச்சை முறையை வற்புறுத்தினார். அக்காலத்தில் சிகிச்சைக்கு முன்வந்தவர்களுள் பெரும்பாலோர் ஆடவரே. 1967-68இல் இந்தியா முழுவதிலும் நடைபெற்ற கருத்தடைச் சிகிச்சைகளுள் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. 1971 சூலைத் திங்களில் கேரளத்தின் எர்ணாகுளத்தில் நடைபெற்ற ஒரே முகாமில் ஏறத்தாழ 63,000 ஆடவர் சிகிச்சை பெற்றனர்.

அப்படியிருந்த நிலை எவ்வாறு தலைகீழாக மாறிற்று? நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல், நாடெங்கும் 62 இலட்சம் ஆடவர்க்கு இச்சிகிச்சை செய்யப்பட்டது. அவர்களுள் பலரைக் கட்டாயப்படுத்திக் கொண்டுபோனார்கள். வட மாநிலங்களில் இக்கொடுமை மிகுதி. விருப்பத்தால் செய்ய வேண்டியதை வன்முறையால் செய்ததன் பயன், நல்லதொரு முறையே மக்களின் வெறுப்புக்கு இலக்காயிற்று. 1977இல் திட்டத்தின் பெயரே "குடும்பக் கட்டுப்பாடு" என்பதிலிருந்து "குடும்ப நலம்" என்று மாறியது. அதன் பின்னர் அரசும் ஆண்களை அணுகத் தயங்கியது, ஆண்களும் ஒதுங்கிக்கொண்டனர். சுமை முழுவதும் பெண்ணின் தலையில் இறங்கியது.

ஆகவே, ஆண் ஒதுங்குவது தொன்றுதொட்டு வந்த வழக்கம் அன்று. அது கடந்த ஐம்பது ஆண்டுகளில் வந்து சேர்ந்த பழக்கம். பழக்கத்தை மாற்ற முடியும். அதற்குக் கட்டாயம் வேண்டியதில்லை. அறிவும் மனமும் இருந்தால் போதும்.

அச்சமும் உண்மையும்

சிகிச்சை செய்துகொண்டால் உடல் வலிமை குன்றும், மூட்டை தூக்க முடியாது, ஆண்மை போய்விடும் என்றெல்லாம் ஊர்களில் பேசக் கேட்கிறேன். இவற்றுள் ஒன்றும் உண்மையன்று.

விதையிலிருந்து உயிரணுக்களைக் கொண்டுசெல்லும் இரண்டு மெல்லிய குழாய்கள் உள்ளன. அவற்றை அடைத்துவிடுவதே இச்சிகிச்சை. ஆண் தன்மைக்குக் காரணமான சுரப்பு நீர் நேரே இரத்தத்தில் கலப்பது. அதற்கும் அக்குழாய்களுக்கும் தொடர்பில்லை. ஆதலின் மீசையும் போகாது, வலிவும் போகாது, இல்லற இன்பமும் குறையாது.

1974இல் சீன மருத்துவர் லி சுன்சியாங் கண்ட முறையில் இன்று இது கத்தியின்றி, தையலின்றிச் செய்யப்படுகிறது. அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஊசித்துளை போன்ற ஒரு சிறு துளையின் வழியே வேலை முடிந்துவிடும். பத்து முதல் இருபது நிமிடங்கள் ஆகும். சற்று நேரம் இருந்துவிட்டு நடந்தே வீடு திரும்பலாம். இரண்டு நாள் ஓய்வும், ஒரு வாரம் பளு தூக்காமல், சைக்கிள் மிதிக்காமல் இருப்பதும் போதும். வயிற்றைத் திறந்து செய்யும் பெண்களுக்கான சிகிச்சையை விட இது எளிது, ஆபத்தும் குறைவு.

ஒரு செய்தியை மட்டும் நன்கு நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிகிச்சை முடிந்த அன்றே பயன் வந்துவிடாது. குழாயில் முன்பே தங்கியுள்ள உயிரணுக்கள் வெளியேறுவதற்கு மூன்று மாதங்கள் ஆகும். அதுவரை ஆணுறை முதலிய வேறு முறையைக் கையாள வேண்டும். மூன்று மாதம் கழிந்தபின் விந்துப் பரிசோதனை செய்து, உயிரணு இல்லை என்று மருத்துவர் கூறிய பிறகே நிம்மதியாக இருக்கலாம். இதனை அறியாத சில வீடுகளில் இடையில் மனைவி கருவுற்று, அவள் மீது ஐயம் எழுந்து, குடும்பமே கலங்கியது உண்டு. குற்றம் அப்பெண்ணிடம் இல்லை. மூன்று மாதக் கணக்கை யாரும் எடுத்துச் சொல்லாததே குற்றம்.

இது நிலையான முறை. மீண்டும் பிள்ளை வேண்டும் என்று எண்ணுவோர் இதனை நாடலாகாது. மணமாகி, ஒரு குழந்தையேனும் ஓராண்டு நிரம்பியவர்கள், கணவனும் மனைவியும் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும். கையெழுத்திட்டுத் தரும் முன் எந்தக் கேள்வியையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை, உதவித்தொகையும் உண்டு. ஆண்டுதோறும் நவம்பர் 21 முதல் டிசம்பர் 4 வரை ஆண்களுக்கான சிறப்பு இருவாரம் நடைபெறுகிறது. நாளும் இடமும் அறிய உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள்.

நம் விராலிமலை சல்லிக்கட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 2019ஆம் ஆண்டு சனவரியில் இங்கே 1,300க்கு மேற்பட்ட காளைகள் வாடிவாசலைத் தாண்டின. உலகச் சாதனை என்று அதனைப் போற்றினார்கள். சீறி வரும் காளையின் கொம்புக்கு அஞ்சாத மாவீரர்கள், ஓர் ஊசித்துளைக்கு அஞ்சுவது நமக்குப் பெருமையா என்று நீங்களே சொல்லுங்கள்.

பழி யார் மீது?

அடுத்து, நாம் அறியாமையால் இழைக்கும் இரண்டு அநீதிகளைக் குறிப்பிட வேண்டும்.

பெண் குழந்தை பிறந்தால் மருமகளைக் கடிந்துகொள்ளும் வழக்கம் இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை. தாய் தரும் கருமுட்டையில் ஒரே வகைக் குறிதான் உண்டு. தந்தை தரும் உயிரணுவில் இரண்டு வகை உண்டு. அவற்றுள் எது சென்று சேர்கிறதோ அதைப் பொறுத்தே ஆணோ பெண்ணோ உருவாகிறது. கம்பை விதைத்துவிட்டு, நெல் விளையவில்லையே என்று நிலத்தைத் திட்டும் உழவனை நீங்கள் என்னவென்பீர்கள்? இதில் தந்தையையும் குற்றம் கூறுவதற்கில்லை. எது சேரும் என்பது எவர் கையிலும் இல்லை. பெண் பிறப்பதைக் குற்றமென்று கருதுவதே குற்றம்.

கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. அவ்வாறு பார்க்கச் செய்தால், மனைவியைக் கணவனும் உறவினருமே வற்புறுத்தினர் என்று சட்டம் முதலில் அனுமானிக்கும். அப்படி இல்லையென்று மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு அவர்களுடையது. சட்டம் யாரை நோக்கிக் கை நீட்டுகிறது என்பதை ஆடவர் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது அநீதி, பிள்ளையில்லாத வீட்டில் நிகழ்வது. மணமாகி ஈராண்டு கழிந்தும் கருத்தரிக்கவில்லையெனில், பெண்ணை மருத்துவரிடமும் கோயிலுக்கும் அழைத்துச் செல்கிறோம். மலையேறி முருகனை வேண்டுகிறோம். வேண்டுவது நன்றே. ஆனால் கணவனுக்கு ஒரு பரிசோதனை செய்ய வேண்டுமென்றால் வீட்டில் போரே மூண்டுவிடுகிறது. பிள்ளைப் பேறின்மைக்கு ஏறத்தாழப் பாதி இடங்களில் ஆணின் பக்கத்திலும் காரணம் உண்டு என்பது மருத்துவ உண்மை. ஆணுக்குரிய முதற் பரிசோதனை எளிது, செலவும் குறைவு. பெண்ணுக்குரியவையோ பலவும் கடினமானவை. எளியதை முதலில் செய்யாமல், அவளை மலடி என்று தூற்றி, மறுமணத்திற்குப் பெண் பார்ப்பது அறமாகுமா? புகையிலையும் மதுவும் ஆணின் உயிரணுக்களைக் கெடுக்கும் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

பேறு காலத்தில் கணவன்

கருவுற்ற மனைவியைத் தாய் வீட்டிற்கு அனுப்பிவிட்டு, பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் சென்று பார்த்துவருவதே கணவன் கடமை என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். அவன் செய்ய வேண்டியவை பல.

மனைவியின் பதிவு எண், இரத்த வகை, பேறு எதிர்பார்க்கும் நாள் ஆகிய மூன்றும் கணவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நள்ளிரவில் 108 வண்டி வரும்பொழுது இவற்றைத் தேடிக்கொண்டிருத்தல் ஆகாது. ஒரு முறையேனும் பரிசோதனைக்கு உடன் சென்று, செவிலியர் கூறுவதைத் தன் காதால் கேட்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையை அவள் நாள்தோறும் உட்கொள்கிறாளா என்று பார்க்க வேண்டும். வீட்டில் எல்லோரும் உண்டபின் எஞ்சியதை அவள் உண்ணும் வழக்கத்தை மாற்ற வேண்டும். கீரையும் முட்டையும் பருப்பும் அவள் தட்டில் முதலில் விழட்டும். தண்ணீர்க் குடமும் விறகுக் கட்டும் அவன் தோளுக்கு மாறட்டும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் கீழ் தமிழக அரசு 18,000 ரூபாய் அளவுக்குப் பணமாகவும் ஊட்டச்சத்துப் பொருளாகவும் வழங்குகிறது. அப்பணம் தாயின் வங்கிக் கணக்கிற்கு வருகிறது. தாயும் சேயும் உண்பதற்காக வருவது அது. அதனைக் கடனுக்குக் கட்டுவதும், மதுக்கடையில் கரைப்பதும், பச்சிளங் குழந்தையின் பாலைப் பறிப்பதற்கு ஒப்பாகும். கடுமையாகப் பேசுகிறேன் என்று எண்ண வேண்டாம். செய்தவர்களின் வீட்டுத் தாய்மார்கள் என்னிடம் வந்து அழுததுண்டு.

ஒரு பேற்றுக்கும் அடுத்த பேற்றுக்கும் மூன்று ஆண்டு இடைவெளி இருந்தால் தாயின் உடம்பு தேறும். இதிலும் கணவனின் பங்கு பெரிது. ஆணுறை ஆரம்ப சுகாதார நிலையத்தில் விலையின்றிக் கிடைக்கிறது. 1968இலேயே "நிரோத்" என்ற பெயரில் இந்திய அரசு அதனை ஊர்தோறும் கொண்டு சென்றது. பால்வினை நோய்களிலிருந்து இருவரையும் காப்பதும் அதுவே. வெளியூர் வேலைக்குச் சென்று திரும்பும் இளைஞர்கள் இதனை மறக்கலாகாது.

புதுக்கோட்டை மண் காட்டும் வழி

இப்பொழுது கூறிய திட்டத்திற்குப் பெயர் தந்த முத்துலட்சுமி அம்மையார் யார்? 1886இல் நம் புதுக்கோட்டையில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1907இல் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்ற மருத்துவர். சென்னைச் சட்ட மேலவையில் இடம்பெற்ற முதற் பெண்மணி. தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர். அதற்கான சட்டம் 1947இல் நிறைவேறியது. 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை செயற்படத் தொடங்கியதும் அவர் முயற்சியால்தான்.

அவர் பெருமையை நாம் அறிவோம். அவர் வழியில் நின்ற ஆடவரைப் பற்றி நாம் பேசுவதில்லை. அவர் தந்தையார் நாராயணசாமி, பெண்கள் பள்ளிப் படியேறுவதே அரிதாயிருந்த காலத்தில் மகளை வீட்டில் வைத்துப் படிப்பித்தார். ஆண்கள் மட்டும் பயின்ற மகாராஜா கல்லூரியில் அம்மையார் சேர முற்பட்டபொழுது எதிர்ப்பு எழுந்தது. அன்றைய மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அவ்வெதிர்ப்பைப் பொருட்படுத்தாது இசைவளித்தார். 1914இல் மணம் பேச வந்த மருத்துவர் சுந்தர ரெட்டியாரிடம் அம்மையார் ஒரு நிபந்தனை விதித்தார்: தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பத்திற்குக் குறுக்கே நிற்கக் கூடாது. அவர் அதற்கு உடன்பட்டு மணந்தார். ஒரு தந்தை, ஒரு மன்னர், ஒரு கணவர் ஆகிய மூவரும் வழி மறிக்காது வழி விட்டமையால் நாட்டிற்கு ஒரு மருத்துவர் கிடைத்தார். இன்று நம் ஊர்களில் எத்தனை முத்துலட்சுமிகள் எத்தனை தந்தையரின் இசைவுக்குக் காத்திருக்கின்றனரோ!

அண்மைக் காலத்து எடுத்துக்காட்டு ஒன்றையும் கூறுகிறேன்; உங்களுள் நாற்பது வயதைக் கடந்தவர்கள் கண்ணாரக் கண்டது. 1991இல் நம் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுதலையும் பெண்களுக்குக் கற்பிக்க முனைந்தார். அதைக் கேலி செய்த ஆடவரும் இருந்தனர்; கற்றுக்கொடுத்த ஆடவரும் இருந்தனர். 1992ஆம் ஆண்டு மகளிர் தினத்தன்று 1,500க்கு மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டையில் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். அன்று கேலி பேசியவர்களின் மகள்களும் பேத்திகளும் இன்று இரு சக்கர வண்டியில் கல்லூரிக்கும் தொழிற்சாலைக்கும் செல்கின்றனர். எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெண் சைக்கிள் ஓட்டுவதை ஏற்றுக்கொண்ட நாம், ஆண் குடும்ப நலச் சிகிச்சை செய்துகொள்வதையும் ஒருநாள் அவ்வாறே இயல்பாகக் காண்போம்.

நாற்றங்காலில் தொடங்குவோம்

பயிரின் வலிவு நாற்றங்காலில் தெரியும். ஆண் பிள்ளையை எப்படி வளர்க்கிறோமோ அப்படித்தான் நாளைய கணவன் இருப்பான். அண்ணன் உண்ட தட்டைத் தங்கை கழுவும் வீட்டில், சமத்துவம் பற்றிப் பள்ளி ஆசிரியர் பாடம் நடத்தி என்ன பயன்? தந்தை தாயை அடிக்கக் கண்ட சிறுவன், அதுவே ஆண்மை என்று கற்றுக்கொள்கிறான். தமிழ்நாட்டில் மணமான பெண்களுள் நூற்றுக்கு 38 பேர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று முற்கூறிய ஆய்வு தெரிவிக்கிறது. இவர்களுக்கெல்லாம் அடிக்கக் கற்றுக்கொடுத்த பள்ளி எது? வீடுதான்.

மாதவிலக்கு என்பது தீட்டு அன்று, உடலின் இயற்கை என்பதை மகனுக்கும் சொல்லுங்கள். வளரும் பருவத்தில் அவன் உடலில் தோன்றும் மாற்றங்களைத் தந்தையே எடுத்துரைக்க வேண்டும். நாம் கூசினால், கைப்பேசி கண்டதையும் கற்றுக்கொடுக்கும். 10 முதல் 19 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலர்க்கும் வளரிளம் பருவ நலத் திட்டம் 2014 முதல் நடைமுறையில் உள்ளது. அரசு மருத்துவமனைகளில் ஆலோசனையும் பெறலாம். பள்ளியில் வாரந்தோறும் தரும் இரும்புச்சத்து மாத்திரை மகளுக்கு மட்டுமன்று, மகனுக்கும் உரியது.

திருமண வயது குறித்து ஒரு சொல். பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 என்பது சட்டம். தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுக்குட்பட்ட பெண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 13 பேர் 18 நிறையும் முன்னரே மணமானவர்கள். பதினேழு வயதில் தாயாகும் பெண் தானும் வளர வேண்டும், பிள்ளையையும் வளர்க்க வேண்டும், இரண்டும் அரைகுறையாகும். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி இத்தகைய மணத்தை நடத்தியவர், தூண்டியவர், தடுக்கத் தவறிய பெற்றோர் அனைவரும் குற்றவாளிகள். ஈராண்டுக் கடுங்காவலும் ஓர் இலட்சம் ரூபாய் அபராதமும் வரை தண்டனை உண்டு. இளைஞர்களே, உங்களுக்கும் ஓர் எச்சரிக்கை: 18 நிறையாத பெண்ணை அவள் விருப்பத்தோடு அழைத்துச் சென்றாலும், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் அவ்விருப்பத்தை ஏற்றுக்கொள்ளாது. ஒரு வாரத்து அவசரம் பல ஆண்டுச் சிறையாக முடியும்.

ஊராட்சி செய்யத்தக்கவை

இவையனைத்தும் வீட்டுக்குள் நிகழ்பவையாயிற்றே, ஊராட்சிக்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். வேலை உண்டு, அதற்குப் பெருஞ் செலவும் இல்லை.

முதலாவது, ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அவற்றுள் ஒன்றிலேனும் குடும்ப நலத்தில் ஆடவர் பங்கைப் பொருளாக வைத்து, சுகாதார ஆய்வாளரை அழைத்துப் பேசச் செய்யுங்கள்.

இரண்டாவது, சிகிச்சை செய்துகொண்டு நலமாயிருக்கும் ஆடவர் எவரேனும் தாமே முன்வந்தால் அவர் வாயால் பிறர் கேட்கட்டும். நூறு சுவரொட்டி சொல்வதை விட, பக்கத்து வயல்காரர் சொல்வது மனத்தில் படியும். எவரையும் பெயர் சொல்லி வற்புறுத்தலாகாது; 1976இன் பாடம் நமக்குப் போதும்.

மூன்றாவது, குழந்தைத் திருமணச் செய்தி காதில் விழுந்ததும் 1098 எண்ணிலோ மாவட்டச் சமூக நல அலுவலரிடமோ தெரிவியுங்கள். பந்தல் போட்ட பிறகு தடுப்பதை விட, பேச்சு நடக்கும்பொழுதே தடுப்பது இரு வீட்டாருக்கும் நன்மை. வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கு 181 எண் உண்டு என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள்.

நான்காவது, நம் மாநிலத்தில் 2016 முதல் உள்ளாட்சி இடங்களில் சரிபாதி பெண்களுக்கு உரியது. தேர்தலில் வென்றவர் மனைவி. நாற்காலியில் அமர்ந்து கூட்டம் நடத்துபவர் கணவர் என்ற நிலையைப் பல இடங்களில் கண்டிருக்கிறோம். இதுவரை பொறுப்பில் இருந்தவர்களுக்கும் இனி வரப்போகின்றவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுவே. மனைவியை வாகனத்தில் அழைத்து வாருங்கள். கணக்கு எழுதத் துணை செய்யுங்கள். வீட்டில் அன்று உலை வையுங்கள். நாற்காலியில் மட்டும் அவரே அமரட்டும். குடிநீரும் கழிப்பறையும் அங்கன்வாடியும் எந்தத் தெருவிற்கு முதலில் வேண்டுமென்பது அவருக்குத்தான் நன்கு தெரியும்.

பெரியோர்களே! பெண்ணுக்கு உதவி செய்யுங்கள் என்று நான் உங்களைக் கேட்கவில்லை. உதவி என்பது பிறர் வேலையில் கை கொடுப்பது. பிள்ளை இருவருக்கும் பொது. வீடு இருவருக்கும் பொது. ஆதலின் சுமையும் இருவருக்கும் பொது. தன் பாதியைத் தான் சுமப்பவனை எவரும் பாராட்ட வேண்டியதில்லை. சுமக்காதவன்தான் விடை கூற வேண்டும்.

இன்று வீடு திரும்பியதும் இங்கே கேட்டவற்றுள் ஒன்றையேனும் உங்கள் மனைவியிடம் பேசுங்கள். "இனிப் பிள்ளை வேண்டாமென்றால் நான் செய்துகொள்ளட்டுமா?" என்று ஒருவர் கேட்டாலும் இக்கூட்டம் பயன் தந்ததாகும். ஐயமிருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரையோ மருத்துவரையோ கேளுங்கள். 104 எண்ணிலும் கேட்கலாம். வரும் நவம்பர்த் திங்களில் நடைபெறும் இருவார முகாமில் நம் ஒன்றியத்து ஆடவர்களின் பெயர்கள் பதிவேட்டில் இடம்பெறும் என்று எதிர்பார்க்கிறேன்.